கால் வைக்கும் இடம்

கார் வாங்குவதாக மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். பானெட் நசுங்கிய ஒரு பழைய காரை மலிவாக வாங்கி, டிங்கரிங் செய்துகொள்ளலாம் என்று மீமிசலுக்குப் போனேன். காருக்குள்ளே மீன் வாடை அடித்தது.

"கடக்கரை ஊருல்ல, காத்து அப்படித்தாங்க" என்று சிரித்தார் விற்பவர்.

மகளுக்காக என்று சொல்லிச் சாவிக்குக் கை நீட்டியபோது, டீ கொண்டுவந்த அவர் மனைவி பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "அண்ணே, புள்ளைய ஏத்தப்போற வண்டி. கீழ கெடக்குற ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்க. ஐஸ் மீன் ஏத்தி ஏத்தி, உப்புத்தண்ணி தகரத்தைத் தின்னுருச்சு."

தூக்கினேன். பின்சீட்டில் கால் வைக்கும் இடத்தில், ஓட்டை வழியே மணல் தெரிந்தது.

பஸ்ஸில் நின்றபடி திரும்பும்போது எரிச்சலாக வந்தது. பொய் சொன்னவர் மேல் அல்ல, அந்தப் பெண் மேல். டீயைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கக் கூடாதா?

வீட்டு வாசலில் மகள் வெறுங்காலோடு ஓடிவந்தாள். அந்தக் கால்களைப் பார்த்த பிறகுதான், அந்தப் பெண்ணிடம் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்தது உறைத்தது.