எட்டாவது இடத்தில் என் குரல்

கண்ணுகளா, நீங்கள் இரண்டு பேரும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தம்பி, நீ அப்போது சத்தியமங்கலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். நடந்ததில் பாதியை அக்காவிடமும் பாதியை அம்மாவிடமும் கேட்டுவிட்டு, "அக்காகிட்ட ஏனுங்கப்பா பேசறதில்லை?" என்று போனில் கேட்டாய். டவர் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. அம்மணி, உனக்கு எல்லாம் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது உன் பக்கத்திலிருந்து பார்த்தது. என் பக்கத்திலிருந்து ஒரு தடவையாவது முழுசாகச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லப் போனால் கோபம் வந்துவிடுகிறது.

தம்பிக்குப் புரிகிற மாதிரி முதலிலிருந்து சொல்கிறேன். அக்காவின் கல்லூரியில் சரித்திரம் படிக்கிற பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, சிங்காநல்லூரின் பழைய கதையைச் செல்போனில் சொல்கிற மாதிரி ஒன்றைச் செய்தார்கள். குளக்கரையில் ஆரம்பித்துப் பத்து இடம். ஒவ்வொரு இடத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கடைகளில் ஜிபே பண்ண வைத்திருப்பார்களே, அதே மாதிரி. போனைக் காட்டினால் அந்த இடத்தின் கதையை ஒரு குரல் சொல்லும். கேட்டுக்கொண்டே அடுத்த இடத்துக்கு நடந்து போகலாம்.

எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பிள்ளைகள் ராஜாக்களைப் பற்றிக் கேட்கவில்லை. லேத் பட்டறைக்காரர், குளத்தில் மீன் பிடித்தவர், எங்களை மாதிரி மில்லில் நின்றவர்கள், இப்படிப்பட்ட ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். சரித்திரத்தில் எங்களுக்கும் ஒரு பக்கம் உண்டு என்று ஒரு கல்லூரியே சொல்கிறபோது சந்தோஷம் வராமல் இருக்குமா?

எட்டாவது இடம் எங்கள் மில் கேட். மில் போய்விட்டது. பாதியில் அடுக்குமாடி வீடுகள், மீதியில் சீமைக்கருவேலம். கேட் மட்டும் துருப்பிடித்து நிற்கிறது. அங்கே வேலை செய்த ஒருத்தர் பேச வேண்டும் என்று புரபசர் சொன்னதும், "எங்கப்பா இருக்கறாருங்க" என்று, அம்மணி, நீதான் கையைத் தூக்கினாயாம்.

கேட்டுக்கு நேர் எதிரில் மாமாவின் பேக்கரி. தம்பி, நீ சின்னதிலிருந்து மாமா என்று கூப்பிடுகிறவர் நமக்குச் சொந்தம் இல்லை. நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷினில் நான் ஒரு பக்கம், அவர் எதிர்ப் பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. ஓடுகிற இழை அறுந்தால் ஒட்டு தெரியாமல் ஒட்டிவிட வேண்டும். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது, கையைக் காட்டித்தான் பேசுவோம். அப்படியே பதினொரு வருசம். மில் மூடிய பிறகும் நான் தினமும் காலையில் அவர் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் பம்ப் கம்பெனிக்குப் போவேன். எனக்கு அங்கே பெஞ்சு கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் போய் பிஸ்கட் டின் மேல் உட்கார்ந்துகொள்வேன். அவருக்கு நான் மாப்ளே, எனக்கு அவர் மாப்ளே.

அம்மணி, என் பேச்சை நம் வீட்டில்தான் பதிவு செய்தாய். ஃபேனை நிறுத்தினாய். மிக்சி போடாதீங்கம்மா என்று அம்மாவிடம் சொன்னாய். நான் மில்லில் சங்கு ஊதுகிறதைப் பற்றிச் சொன்னேன். சங்குச் சத்தத்தை வைத்தே இந்தப் பக்கத்துப் பெண்கள் உலை வைத்ததைச் சொன்னேன். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது எல்லோரும் கிழவர்களாகத் தெரிவோம் என்று சொன்னேன். நீ சிரித்தாய். முடிந்தது என்று போனை மேசையில் கவிழ்த்து வைத்தாய். அம்மா மறுபடியும் மிக்சியைப் போட்டாள். அது நின்ற பிறகுதான் நீ கேட்டாய், எல்லோரும் ஒன்றாக நின்றும் மில் எப்படிப்பா மூடியது என்று.

நான் சொன்னேன். இத்தனை வருசத்தில் உன் அம்மாவுக்குக்கூட முழுசாகச் சொல்லாததைச் சொன்னேன். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. சங்கையும் பஞ்சையும் பேசிப் பேசி உள்ளே ஏதோ இளகிப்போயிருந்தது.

மில்லை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நாங்களாகவே வேலையை விடுகிறோம் என்கிற வி.ஆர்.எஸ். பாரத்தை நீட்டினார்கள். ஒருத்தரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று நாங்கள் முடிவெடுத்தோம். போடாமல் நின்றால் மூட முடியாது என்று நம்பினோம். மில் காம்பவுண்டில் இருந்த பிள்ளையார் கோயிலில், காலை ஷிஃப்ட்டுக்கு முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது என்று ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பம்ப் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், முதலில் கையெழுத்துப் போடுகிறவனை அனுப்பி வைக்கிறேன் என்றார். அம்மணி, நீ அப்போது கைக்குழந்தை. நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் கோயிலுக்கும் போனேன். போகாமல் இருந்தால் தெரிந்துவிடுமே. இரண்டிரண்டு பேராக வந்து, தட்டில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். நானும் மாமாவும் ஒன்றாகப் போனோம். அவர் கை முதலில் இறங்கியது. சூடம் அணைந்தது. என் கை அவர் கை மேல்தான் விழுந்தது. என் கையில் நெருப்புப் படவில்லை, அதனால் அந்தச் சத்தியம் என்னைச் சேராது என்று அங்கேயே மனசுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வருசம் அதை நம்பியிருக்கிறேன் தெரியுமா?

பிறகு ஒவ்வொருத்தராகக் கையெழுத்துப் போட்டார்கள். மாமா சத்தியத்தைக் காப்பாற்றினார். கடைசி வரைக்கும் கேட்டுக்கு வெளியே போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்த கொஞ்சம் பேரில் அவர் ஒருத்தர். எனக்கு வேலை கிடைத்தது உன் தாய்மாமன் சிபாரிசில் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். நல்லது மாப்ளே, ஒருத்தனாவது பிழைத்துக்கொண்டாய் என்றார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் உன்னிடம் சொன்னேன், "இது உனக்கு மட்டும் கண்ணு. மாமா காதுக்குப் போயிறக் கூடாது." நீ தலையை ஆட்டினாய். அந்தப் போன் கவிழ்ந்துகிடந்தும் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் மெஷினைக் கவிழ்த்தால் நின்றுவிடும்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டாவது இடத்து ஸ்டிக்கரை ஒட்ட மாமாதான் தன் கடைச் சுவரைக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. பழைய சினிமா போஸ்டரையெல்லாம் முந்தின நாளே தண்ணீர் ஊற்றிச் சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளையடித்து வைத்திருந்தார். பிள்ளைகளுக்குத் தட்டு நிறையத் தேங்காய் பன் அடுக்கியிருந்தார். பழைய மில்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அதில் எங்கள் மேஸ்திரியும் ஒருத்தர். புரபசர் எனக்குத் துண்டு போர்த்தினார். தம்பி, உன் அப்பன் சலவைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

மாமாதான் முதலில் போனைக் காட்டினார். அவருக்கும் என்னை மாதிரிக் காது மந்தம், சத்தத்தை முழுசாக வைத்தார். என் குரல் வந்தது. சங்கு, உலை, பஞ்சு. எல்லோரும் சிரித்தார்கள். மாமா என் தோளில் தட்டினார். அதற்குப் பிறகு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டது வந்தது. கையெழுத்து வந்தது. அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என்ற எதிர்ச் சைடுக்காரன் கை மேலதான் என்ற கை உழுந்துச்சு" என்று என் குரலே அவருடைய கடை வாசலில் நின்று அவருக்குச் சொல்லியது.

கடைசியில் ஓர் இடத்தில் குரல் ஒரு நொடி தடுக்கிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போனது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. இழை ஒட்டிய கை எனக்கு, ஒட்டு எங்கே என்று தெரியும். உனக்கு மட்டும் கண்ணு என்று நான் சொன்ன இடம் அது. அம்மணி, அதை மட்டும் நீ வெட்டி எடுத்திருந்தாய்.

மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப உன்ற உள்ளங்கை பொசுங்காம நல்லாத்தான் இருக்கும். எங்க, காட்டு பாக்கலாம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. போனை வேட்டியில் துடைத்துப் பையில் வைத்தார். உள்ளே போய் டீ ஆற்றிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"டீ எடுத்துக்குங்க," என்றார்.

முப்பது வருசத்தில் அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நம் ஊரில் தெரியாத ஆளுக்குக்கூட 'ங்க' போடுவோம். அவர் எனக்குப் போட்டது அந்த 'ங்க'. அந்த டீயை நான் குடித்தேன். குடிக்காமல் வைத்தால் அதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டுமே. மற்றவர்கள் ஒன்பதாவது இடத்துக்கு நடந்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் நீ வந்தாய். நான் சத்தம் போடவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன். "உண்மையத்தானுங்கப்பா போட்டோம். புரபசர் கேட்டுப்போட்டுக் கண்ணு கலங்கிட்டாருங்க. அது இல்லாட்டி வெறும் சங்கு ஊதுன கதைதானுங்க" என்றாய். நீங்கள் ஒன்றும் கெட்டவர் இல்லை, கேட்கிறவர்களுக்கு அது புரியும் என்றும் சொன்னாய். நன்றாகத்தான் பேசினாய். உன்னை அப்படிப் பேசப் படிக்க வைத்ததே நான்தான்.

"உனக்கு மட்டும்னு சொன்னனே, அது காதுல உழுந்துச்சா இல்லையா?"

"உழுந்துச்சுங்க" என்றாய்.

அம்மணி, அந்த ஒரு வார்த்தைதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது. கேட்காமல் விட்டிருந்தால், மறந்திருந்தால், சின்னப் பிள்ளை என்று விட்டிருப்பேன். கேட்டதனால்தானே தேடி எடுத்து வெட்ட முடிந்தது? நான் மாமாவுக்குச் செய்தது துரோகம். அதை எந்தச் சபையிலும் ஒத்துக்கொள்வேன். அவரிடம் போய்ச் சொல்லாமல் இத்தனை வருசம் அவர் டீயைக் குடித்தது அதைவிட மோசம். ஆனால் அதைச் சொல்வதற்கு எனக்கு என்று ஒரு நாள் பாக்கி இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டுதான் வந்தேன், கோழைதான். இருந்தாலும் அந்த நாள் என்னுடையது. அதை நீ எடுத்து ஊருக்குக் கொடுத்துவிட்டாய். நம் வீட்டுக்குள் நாம் இரண்டு பேர் உட்கார்ந்து பேசியதில் நான் அப்பனாகப் பேசினேன். நீ மகளாகக் கேட்கவில்லை.

நீ அழுதாய். மறுநாளே உன் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு மாமாவிடம் போய், அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறோம் என்று சொன்னாயாம். மாமா வேண்டாம் என்றாராம். "என்ற செவுத்துல ஒட்டுனது. இருக்கட்டும் அம்மணி," என்றாராம். அதை நீ என்னிடம் சொன்னபோது, அவர் என்னை மன்னித்துவிட்டார் என்கிற மாதிரிச் சொன்னாய். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

நான் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து அவரிடம் நேராகவே சொன்னேன், நான் செய்தது பெரிய தப்பு மாப்ளே என்று. பால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே, "அதான் கேட்டாச்சுங்களே" என்றார். அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை என் குரல் எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டது, நான் போனபோது மிச்சம் ஒன்றும் இல்லை. இப்போதும் தினமும் போகிறேன். வாங்க என்கிறார். டீ கொடுக்கிறார். நான் வெளியே மற்றவர்களோடு நின்று குடிக்கிறேன். உள்ளே வராதே என்று அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

உன்னோடு இப்போது பேசுகிறேன் அம்மணி. சாப்பிட்டியா, பஸ் கிடைத்ததா என்று கேட்கிறேன். ஆனால் நீ போனை மேசையில் வைக்கும்போது என் கண் அங்கே போகிறது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அது போகாமல் இருக்கிற நாள் வரும்போது நானே சொல்கிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் உங்கள் இருவருக்கும் தெரியாது. போன மாதம் கம்பெனி லீவு. விழாவில் கொடுத்த காகிதத்தில் பத்து இடத்தின் பட்டியல் இருந்தது. ஒன்பதாவது, பஸ் ஸ்டாண்டில் டீ கேன் தூக்கியவர் என்று போட்டிருந்தது. மில் மூடிய பிறகு பேக்கரி வைக்கிற வரைக்கும் அங்கே கேன் தூக்கியது மாமாதான். மத்தியானம் தனியாக சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திருப்பூர் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தூணில் ஸ்டிக்கர் இருந்தது. போனைக் காட்டி, காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

அவர் குரல்தான். விழாவுக்கு முன்னாலேயே பேசியது. முதல் நாள் டீ டீ என்று கூவ வாய் வராமல், பஸ் ஜன்னல் ஜன்னலாகச் சும்மா கேனைக் காட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். தெரிந்த முகம் ஏறினால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாராம். இதையெல்லாம் என்னிடம் அவர் சொன்னதே இல்லை. பிறகு, "மில்லுல எனக்கொரு சிநேகிதன் உண்டுங்க. அவன்..." என்று ஆரம்பித்தார்.

நான் நிறுத்திவிட்டேன். அவர் அதைப் பிள்ளைகளிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று போனில் ஒரு கோடு காட்டியது. பாதிக்கு மேல் இருந்தது. அதை மூடி, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தேன்.