அப்பா கோடு போடாத பயோடேட்டா

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஜன்னாவின் பயோடேட்டாவில் கோடு போட்டது. 2002 ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டேன். அவர் பென்சிலால் இழுத்தார்.

அப்பா கோபாலகிருஷ்ணன், மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க். பத்தொன்பது வருடம். வேலை கேட்டு வரும் கவர்களைப் பிரித்து மேனேஜர் மேசையில் வைப்பதும் அவர்தான். எந்த வரியில் மேனேஜர் தாளைக் கீழே வைக்கிறார் என்பது எதிரில் நின்று பார்த்துப் பார்த்து அவருக்குப் பழகிவிட்டது. சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் பயோடேட்டாவை நீட்டுவார்கள். அவர் புகழ மாட்டார், திட்டவும் மாட்டார். ஓர் இடத்தில் குறுக்கே கோடு போட்டுத் தருவார். அதற்குக் கீழே யாரும் படிக்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

ஜன்னா என்னோடு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவள். என்னைவிட மார்க் குறைவு. அவளுக்கு முதல் பக்கத்தின் பாதியிலேயே கோடு விழுந்தது. அதுவரை இருந்தவை மதம், உயரம், எடை, அவள் அத்தாவின் தொழில்.

"கையால இன்னா செஞ்சிருக்க, அத சொல்லு கண்ணு."

மாமல்லபுரத்தில் அவள் மாமாவின் ஐஸ் ஃபேக்டரியில் பேனல் போர்டு எரிந்தபோது, இரண்டே நாளில் மாற்றி ஓடவைத்ததைச் சொன்னாள்.

"அத ஏன் எழுதல?"

"அது வூட்டு வேல அங்கிள். சம்பளமா குடுத்தாங்க?"

"ஐஸ் உறைஞ்சுச்சா இல்லியா? அத மேல போடு. உன் வெயிட்ட மேனேஜர் இன்னா, தூக்கியா பாக்கப் போறாரு?"

இருவரும் சிரித்தார்கள். நான் ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

மார்ச்சில் என்னுடையதைக் கொடுத்திருந்தேன். ஒரு கோடும் இல்லாமல் திரும்பி வந்தது. "நல்லாதான் கீது" என்றார். அப்படியே பதினோரு கம்பெனிக்கு அனுப்பினேன். ஓர் இடத்திலிருந்தும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை.

ஜன்னா போனதும் கேட்டேன். "ஊரான் வூட்டுப் பொண்ணுக்குக் கோடு. எனக்கு ஏன் இல்ல?"

அவர் ஸ்கேலை எடுத்துப் பென்சிலோடு சேர்த்து வைத்தார்.

"உன்னுத எடுத்தா நிறுத்த முடியலம்மா. கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன். எங்க கோடு போடுறது?"

அது எனக்கு எதற்கும் உதவாது என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆள் எடுக்கும் பர்சனல் செக்‌ஷனில் லோகநாயகி என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு என்னைத் தெரியாது, பெயரை மறைத்துக் கொடுத்தால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் கோடு போடுவார் என்றார். திங்கள் சாயங்காலம் வாங்கி வருவதாகச் சொன்னார்.

திங்கள் காலை, பஸ் வருவதற்கு முன், ஸ்டாப்பிலேயே மாரடைப்பு.

ஆகஸ்டில் ஜன்னாவுக்கு வேலை கிடைத்தது. ஐஸ் ஃபேக்டரியைப் பற்றித்தான் இன்டர்வியூ முழுக்கக் கேட்டார்களாம். ஸ்வீட்டோடு வந்து அப்பா படத்துக்கு முன்னால் அழுதாள். நான் அந்த அளவுக்கு அழுதிருக்கவில்லை. கோடு போட்ட தாளைக் கொண்டுவந்திருந்தாள். அதை எனக்குத் தரச் சொல்லிக் கேட்க வாய் வரை வந்தது. அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவின் பையை அன்று இரவுதான் பிரித்தேன். டிபன் பாக்ஸை அப்போதே யாரோ எடுத்திருந்தார்கள். அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கவர். மேலே 'லோகநாயகி மேடம், பர்சனல்' என்று அவர் கையெழுத்து. உள்ளே என் பயோடேட்டா. என் பெயர், முகவரி, தகப்பனார் பெயர், மூன்றின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார். கொடுக்கும் வரை அவர் இருக்கவில்லை.