டிக்சனரியை ரெண்டாக் கிழிச்ச கதை

எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷ் முழுக்கக் கொத்தமல்லி மணக்கும். ஒழுங்கா பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிச்சிருந்தா வெண்கட்டி மணந்திருக்கும். நான் அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு விடுதலை குடுத்த ஆள். வாத்தியார்மார் அண்டைக்கு நிம்மதியாத் தேத்தண்ணி குடிச்சிருப்பாங்க.

அதுக்குப் பொறகு கல்முனை பசாரில ஒரு ஹாஜியார்ட சில்லறைக் கடையில நிண்டன். என்ட வேலை சரை சுத்துறது. பழைய பேப்பரைக் கிழிச்சி, கூம்பு மாதிரிச் சுத்தி, சீனி, பருப்பு, மிளகாய்த்தூள் எண்டு போட்டு மடிச்சிக் குடுக்கணும். அதுல நான் ராசா. எவ்வளவு பெரிய படிப்பாளி சுத்தின சரையும் ரெண்டு ஒழுங்கை தாண்ட முந்தி ஒழுகும். என்ட சரை காரைதீவு மட்டும் போனாலும் ஒரு பருப்பு விழாது.

ஹாஜியாருக்கு ஒரு சட்டம் இருந்திச்சி. தமிழ்ப் பேப்பரில சரை சுத்தக் கூடாது. அதுல அல்லாஹ்ட பேர் இருக்கும், நபிமார்ட பேர் இருக்கும், சனம் சாமானை எடுத்திட்டுக் கடதாசியை றோட்டுல போடும், கால் பட்டா பாவம் எண்டு சொல்லுவார். அதால கொழும்பில இருந்து லொறியில வாற கட்டுல இங்கிலிஷ் பேப்பர் மட்டும்தான் வாங்குவார். இங்கிலிஷில பாவம் இல்ல எண்டு அவர்ட எண்ணம். அவருக்கும் வாசிக்கத் தெரியா, அதால அவர்ட மனசு சுத்தம்.

பகல் முழுக்கக் கையில இங்கிலிஷ் பேப்பர். கண்ணைப் பொத்திட்டா சுத்துற? அந்தக் காலத்தில கடைக்கு வெளிநாட்டுச் சாமான் எல்லாம் புதுசா வரத் தொடங்கின. பால்மா டின்னில, சவர்க்காரத்தில, பிஸ்கட் பெட்டியில எல்லாம் இங்கிலிஷ். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்ச ஏபிசிடியை வச்சி, டின்னுல உள்ள எழுத்தையும் பேப்பரில உள்ள எழுத்தையும் ஒத்துப் பார்த்து, மில்க் எண்டா பால், சோப் எண்டா சவர்க்காரம் எண்டு கண்டு பிடிச்சன். கொலம்பஸுக்கு அமெரிக்கா கிடைச்ச மாதிரி எனக்குப் பால் கிடைச்ச.

கதை வாசிக்கத் தொடங்கினாத்தான் கரைச்சல். கொழும்பில ஒரு பொம்பிளை காணாமப் போயிட்டா எண்டு இருக்கும். மிச்சத்தைப் பார்க்க முந்தி அது ஆர்ட வீட்டுக்கோ மல்லியோட போயிருக்கும். ஒருக்கா சாமான் வாங்கிட்டுப் போன ஒரு லாத்தாக்குப் பின்னால ஓடிப் போய், சரையை மட்டும் திருப்பித் தாங்க, வேற சரையில போட்டுத் தாறன் எண்டு கேட்டன். அவ ஹாஜியார்ட்ட போய், உங்கட பொடியனுக்குத் தண்ணி ஓதிக் குடுங்க எண்டு சொல்லிட்டுப் போனா.

இந்தப் பைத்தியத்துக்கு எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். என்ட மாமாட மகன், மச்சான் முறை. எங்கட கடைக்கு முன்னுக்கு உள்ள தையல் கடையில துணி வெட்டுறவன். பத்தாம் வகுப்பு மட்டும் படிச்சி, சோதினை எழுதி, இங்கிலிஷில விழுந்தவன். நான் ஏறாமலே நிண்டவன், அவன் ஏறி விழுந்தவன். ரெண்டு பேரும் தரையிலதான் சந்திச்ச.

ஒருநாள் பேப்பர் கட்டைப் பிரிச்சன், உள்ளுக்கு ஒரு இங்கிலிஷ்-தமிழ் டிக்சனரி. மட்டை இல்ல, முதுகு தெரியுது, ஆனா பக்கம் எல்லாம் இருக்கு. ஆரோ செத்துப்போன கிளாக்கர்ட புள்ளைகள் கட்டோட கட்டா நிறுத்து வித்திருக்குங்கள். ஹாஜியார்ட்ட கேட்டு எடுத்துக்கிட்டன். மச்சான் கண்ட உடனே, எனக்குத் தா எண்டான். நான் மாட்டன் எண்டன். கடைசியில அவன் சொன்னான், துணி எண்டா எப்பிடி? நடுவால வெட்டிப் பங்கு வைக்கிறதுதானே.

தையல் கடை மேசையில போட்டு, பிளேட்டால முதுகைப் பிளந்தான். எல்லுக்கும் எம்முக்கும் நடுவால. தொடக்கத்தில உள்ளதுதான் நல்ல சொல்லா இருக்கும் எண்டு நான் முன்பாதியை எடுத்தன். அவன் பின்பாதி. டிக்சனரியைக் குர்பான் மாடு மாதிரிப் பங்கு போட்ட ஆக்கள் உலகத்தில நாங்க ரெண்டு பேராத்தான் இருக்கும்.

அதுக்குப் பொறகு எங்கட படிப்பு இப்பிடி. பகல்ல நான் பேப்பரில தெரியாத சொல்லுக்குக் கீழ கோடு கீறி, அந்தத் துண்டைக் கிழிச்சிச் சாரன் மடியில வைப்பன். அவனுக்கும் ஒரு கட்டுப் பேப்பர் குடுத்திருந்தன். அஸர் தொழுதிட்டுக் கடற்கரைக்குப் போவம். கரையில ஏத்திக் கிடக்கிற தோணியில இருந்து, அவன்ட பாதியில உள்ள சொல்லை நான் கேட்பன், என்ட பாதியில உள்ளதை அவன் கேட்பான். ஆனா சும்மா கேட்கேலா. முதல்ல கதையைப் பார்த்துக் கருத்தை நீயாச் சொல்லணும். பிழைச்சா தேத்தண்ணி வாங்கித் தரணும்.

அப்பிடிப் பிழைச்சி நான் வாங்கிக் குடுத்த தேத்தண்ணி ஒரு குளம் வரும். ஒரு சொல்லை மட்டும் இன்னும் மறக்கல்ல. அலெஜட்லி. களவு, கொள்ளை, வெட்டுக் குத்து எந்தச் செய்தியிலயும் அந்தச் சொல் இருக்கும். அது ஒரு ஆள்ட பேர் எண்டு நினைச்சன். கொழும்பிலயும் அவன், காலியிலயும் அவன், கண்டியிலயும் அவன். இவ்வளவு களவெடுத்தும் பொலிஸ் இவனைப் பிடிக்கல்லயே எண்டு எனக்கு ஹாஜியார்ட காசு லாச்சியைப் பார்க்கிற நேரமெல்லாம் பயம். இவன் ஒருநாளைக்குக் கல்முனைக்கும் வருவான் எண்டு மச்சானுக்குச் சொன்னன். அவன் சிரிச்சி, தோணியில இருந்து மணல்ல விழுந்தான். பொறகு என்ட பாதியைத் திறந்து பார்த்தா, அப்பிடிச் சொல்றாங்க, ஆனா நிரூபிக்கல்ல எண்டு கருத்து. அந்தப் பேர் எனக்குப் பட்டமாகவே போயிட்டுது. தையல் கடையில எல்லாரும் என்னை அலெஜட்லி எண்டுதான் கூப்பிட்ட.

இப்பிடிப் படிச்சிக்கிட்டு இருக்கிற நேரம்தான் வெளிநாட்டுக் கதை வந்த. ஊரில பாதிப் பேர் சவூதி, கட்டார், குவைத் எண்டு கிளம்பின காலம். கொழும்பு ஏஜன்ட் ஒருத்தர் துறைமுகத்துச் சாமான் களஞ்சியத்துக்கு ஆள் எடுக்கிறார், பெட்டியில எழுதியிருக்கிற இங்கிலிஷை வாசிக்கத் தெரியணும், வாசிக்க வச்சிப் பார்த்துத்தான் எடுப்பார் எண்டு மச்சான்தான் செய்தி கொண்டு வந்தான். நான் துள்ளிக் குதிச்சன். இங்கிலிஷ் வாசிச்சா விமானத்தில ஏத்துறாங்களா? நான் அதைச் சீனியோட சும்மா குடுத்துக்கிட்டு இருக்கன்.

எனக்கு அந்தப் பயணம் வேணும். எங்கட ஊரில பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டிலதான் இருப்பார். வாப்பா தங்கச்சிக்கு எண்டு கல் வீடு கட்டத் தொடங்கி, சுவரை எழுப்பினதோட மௌத்தாகிட்டார். கூரை இல்லாம ரெண்டு மாரி நனைஞ்சி சுவர் பச்சைப் பாசி பிடிச்சிருந்திச்சி. ஆடு மட்டும்தான் குடியிருந்திச்சி. ஓடு போடுறது என்ட தலையில. சரை சுத்தி ஓடு போடேலா.

மச்சானுக்கு இது எல்லாம் தெரியும். போனா ரெண்டு பேரும் போறது, இல்லாட்டி ரெண்டு பேரும் இங்கதான் எண்டு தோணியைத் தொட்டுச் சொன்னவனும் அவன்தான்.

கொஞ்ச நாளால அவன் வந்து, ஏஜன்ட் இப்ப வரல்ல, ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சித்தான் வாறாராம் எண்டான். எனக்குச் சந்தோசம், இன்னும் கொஞ்சம் படிக்கலாம் எண்டு. போகக்குள்ள கேட்டான்:

"மச்சான், உன்ட பாதியை ஒரு கிழமைக்குத் தாவன். எனக்கு முன்பாதி பலம் இல்ல."

"அப்ப உன்ட பாதியை எனக்குத் தா."

"அது வீட்ட கிடக்கு. நாளைக்குக் கொண்டு வாறன்."

குடுத்தன். நான் நிறுத்தின இடத்தில அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கட்டை வச்சிக் குடுத்தன். பாதியை இரவல் கேட்கிறவனுக்குச் சிரிச்சிக்கிட்டு மடிச்சிக் குடுத்த மடையன் நான்தான். சரையில போட்டுக் குடுக்காததுதான் குறை.

நாளைக்கு எண்டவன் வரல்ல. தையல் கடையில கேட்டா, அவன் ஊருக்குப் போயிட்டான் எண்டாங்க. எந்த ஊருக்கு எண்டு கேட்க எனக்குத் தோணல்ல. பொத்துவில் பக்கம் அவனுக்குச் சொந்தம் இருக்கு, அங்க எண்டு நினைச்சன். கோபம் கூட வரல்ல. அவன்ட பாதி இல்லாம அந்தக் கிழமை எனக்கு எம்மில தொடங்கிற சொல் எல்லாம் காத்துக்கிட்டு நிண்டிச்சி. மடி முழுக்கக் கடதாசித் துண்டு.

பெருநாளைக்கு இன்னும் நாள் இருக்கக்குள்ள, ஒரு காலையில மாமி கடைக்கு வந்தா. மச்சான்ட உம்மா. புதுச் சாரி, முகம் எல்லாம் சிரிப்பு. சீனி, ரவை, நெய், முந்திரிகை வத்தல் எண்டு சாமான் கேட்டா. நான் சரையைச் சுத்திக்கிட்டு, என்ன மாமி, ஆருக்குக் கலியாணம் எண்டு பகிடியாக் கேட்டன்.

"மௌலூது ஓதப் போறம் மனே. உன்ட மச்சான் நேத்துப் போய்ச் சேர்ந்திட்டானாம், தந்தி வந்த. ஓதி முடிச்சிப் பங்கு வைக்கிற நார்சாக்குச் சாமான்."

"எங்க போய்ச் சேர்ந்தான்?"

மாமி என்ட முகத்தைப் பார்த்தா. சிரிப்பு அப்பிடியே நிண்டுட்டுது.

"கட்டாருக்கு. உனக்குச் சொல்லல்லயா மனே? நீ போக விருப்பமில்ல எண்டு சொன்னதா எனக்குச் சொன்னான்."

நான் சீனியை நிறுத்தன். தராசு சரியா நிண்டிச்சி, அதுதான் புதினம். நான் வாசிக்கப் பழகின அதே பேப்பரில, என்னை விட்டுட்டுப் போனவனுக்கு ஓதுற நார்சாச் சீனியைச் சுத்தி, நூலால கட்டி, மாமிட கையில குடுத்தன். அண்டைக்கும் ஒரு குருணி ஒழுகல்ல. பின்னேரம் நார்சாவும் வந்த. ஹாஜியார் சாப்பிடு எண்டார். சாப்பிட்டன். நெய் கூடத்தான்.

பொறகு எல்லாம் தெரிய வந்த. ஏஜன்ட் சாய்ந்தமருதில ஒரு வீட்டுக்கு வந்து ஆள் எடுத்திருக்கார். எனக்கு மச்சான் பெருநாள் கழிச்சி எண்டு சொன்ன அந்தக் கிழமையே. கடைக்கு வாற ஆக்கள் சொல்லுவாங்க, அவன் அப்பிடிச் செய்திருக்க மாட்டான், ஏதோ அவசரமா இருந்திருக்கும், நீ பார்க்கல்லயே எண்டு. நான் மனசுக்குள்ள சொல்லுவன், அலெஜட்லி. அந்தச் சொல்லை அவனுக்காகக் கொஞ்ச நாள் பாவிச்சிப் பார்த்தன்.

டிக்சனரி இல்லாத காலத்தில நான் வாசிக்கிறதை விடல்ல. விட்டா சரை சுத்துற மட்டும்தானே மிச்சம். தெரியாத சொல் ஒண்டு வந்தா அதை அடுத்த பேப்பரில தேடுவன், அதுக்கடுத்ததில தேடுவன். அஞ்சாறு இடத்தில ஒரே சொல்லைக் கண்டா, ஒழுங்கையில அடிக்கடி காணுற ஆளைப் போல, பேர் கேட்காமலே குணம் விளங்கும். இதைக் கேட்டுட்டு, பார்த்தியா, எல்லாம் நல்லதுக்குத்தான் எண்டு சொல்ற ஆக்கள் இருக்காங்க. அவங்க வந்து தங்கச்சிட வீட்டில ஒரு மாரி படுத்துப் பார்க்கட்டும். அந்த வீட்டுக்குத் தென்னோலைக் கிடுகுதான் போட்ட. கல்லுச் சுவருக்கு மேல கிடுகு, கோட்டுப் போட்டவன் தலைப்பாகைக்குப் பன் பாயைச் சுத்தின மாதிரி. ஓட்டு வீடு கேட்ட மாப்பிள்ளை வீட்டார் பார்த்திட்டுப் பேசாமப் போயிட்டாங்க. பொறகு வந்த நல்ல மனிசன் ஒருத்தர் கிடுகோட முடிச்சார். அவருக்கு ஒழுகுற இடத்துக்கு ஒரு சட்டி வைக்கப் பழகியிருந்திச்சி.

கொஞ்ச வரியம் போனப் பொறகு மச்சான் லீவில வந்தான். கண்ணாடி போட்டு, அத்தர் மணக்க, நேரே கடைக்கு. எனக்கு ஒரு சாரனும் ஒரு டிக்சனரியும் கொண்டு வந்தான். எங்கட டிக்சனரிதான். ரெண்டு பாதியையும் சேர்த்துத் தைச்சி, பச்சை றெக்சின் மட்டை போட்டிருந்தான். தையல்காரன்தானே, தையல் வடிவா இருந்திச்சி.

நான் திறந்தன். நான் வச்ச பஸ் டிக்கட் அதே இடத்தில கிடந்திச்சி. அதுக்குக் கிட்டப் பக்கம் ரெண்டும் ஒட்டிப் பிடிச்சிருந்திச்சி.

"திறக்கவே இல்லயா?"

"இல்ல மச்சான். அங்க ஆர் இங்கிலிஷ் கதைக்கிற? ஹிந்திதான், மிச்சம் அரபி. பெட்டியில நம்பர்தான் பார்க்கிற."

"அப்ப ஏன் என்ட பாதியைக் கொண்டு போனாய்?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சான். றோட்டைப் பார்த்தான். பொய் சொல்லப் போறான் எண்டு நினைச்சன். சொல்லியிருந்தா நல்லம்.

"ஒரு சீட்டுத்தான் இருந்திச்சி. உன்ட கையில அது இருந்தா நீ படிச்சிக்கிட்டே இருப்பாய். ஒருவேளை கேள்விப்பட்டு நீயும் வந்து நிண்டா எண்டுதான்."

படிக்கக் கொண்டு போகல்ல. நான் படிக்காம இருக்கக் கொண்டு போயிருக்கான். அலெஜட்லிக்கு அண்டையோட வேலை முடிஞ்சிட்டுது. இனி நிரூபிக்க ஒண்டுமில்ல.

நான் கடைப் பிளேட்டை எடுத்து, அவன் தைச்ச நூலை அறுத்தன். எல்லுக்கும் எம்முக்கும் நடுவால. என்ட பாதியை ராக்கைத் தட்டில வச்சன். அவன்ட பாதியில முதல் பக்கத்தைக் கிழிச்சி, சரை சுத்தி, கச்சான் கடலை போட்டு அவன்ட கையில குடுத்தன். அவன் ஒவ்வொரு கச்சானா உடைச்சித் திண்டுட்டுப் போனான்.

ஹாஜியார் கேட்டார், அந்தப் புத்தகத்தில அல்லாஹ்ட பேர் இருக்குமா, சரை சுத்தலாமா எண்டு. அதெல்லாம் என்ட பாதியில ஹாஜியார், இது வெறும் மிச்சம் எண்டன். அந்த மாதமே அவன்ட பாதி முழுக்க ஊருக்குள்ள போயிட்டுது.

மன்னிப்புக் கேட்கிற சொரி எண்ட சொல் அவன்ட பாதியில இருந்த. எந்தப் பக்கம், ஆர்ட வீட்டுக்குப் பருப்போட போன எண்டு தெரியா. அவனும் தேடிப் பார்க்கல்ல. ஃபொர்கிவ் என்ட பாதியில இருக்கு, இண்டைக்கும் ராக்கையிலதான். கருத்து எனக்கு நல்லாத் தெரியும். பாவிக்கிறதில்ல.