கரண்டு வேண்டாத பச்சை வெளிச்சம்

போன வருடம் எங்கள் சர்ச் மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. திடீரென்று கரண்டு போய், மாடிப்படி நெரிசலில் சர்ச் செயலரின் மனைவி உருண்டு விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அன்றிலிருந்து செயலருக்கு ஒரே பிடிவாதம், இருட்டில் வாசல் தெரிய வேண்டும் என்று. வெளிநாட்டில் இருக்கும் அவர் தம்பி, அங்கே இடித்த கட்டிடத்திலிருந்து இரண்டு பழைய ‘எக்ஸிட்’ பலகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. தாமாகவே பச்சையாக ஒளிர்ந்தன.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். செயலர் கூப்பிட்டதால், கடைசி பீரியடை முடித்துவிட்டு, கால் கனக்க மண்டபத்துக்குப் போய்ப் பலகையைத் திருப்பினேன். பின்னால் கதிர்வீச்சுக் குறி. உள்ளே கண்ணாடிக் குழாய்களில் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு; அதன் கதிர்தான் குழாயின் உட்பூச்சை ஒளிர வைக்கிறது.

“சுவத்துல இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாதுங்க. அந்தக் கதிர் கண்ணாடியத் தாண்டாது,” என்றேன்.

“அப்புறம் இன்னா டீச்சர்? ஜல்தியா மாட்டிடலாம்,” என்றார் செயலர்.

“ஒடைஞ்சா வாயு வெளிய வரும். எல்லாரையும் அனுப்பிட்டு ஜன்னலத் தொறக்கணும். அனுமதி இல்லாம வெச்சிக்கவும் கூடாது, குப்பையிலயும் போடக் கூடாது.”

“என் வூட்டுக்காரம்மா படுத்துகினு இருக்காங்களே, அதவிடவா இது பெருசு?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காற்றோட்டமான கூடத்தில் ஒரு குழாய் உடைந்தால் வரக்கூடிய கெடுதல் சிறியதுதான். படியில் விழுவது பெரிய கெடுதல். ஆனால் அண்டா தூக்குகிறவர்களும் தோரணம் கட்டுகிறவர்களும் இடிக்காமல் இருப்பார்களா? உடைந்ததை யாரோ துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடுவார்கள். அதோடு, வருடங்கள் ஓடி அந்த வெளிச்சமும் மங்கிப்போயிருந்தது.

“பேட்டரி லைட்டே போதுங்க,” என்றேன்.

“அத யாரு மாசாமாசம் பாத்துகினு இருக்கறது? ஒரே பேஜாரு.”

“நான் பாக்கறேன்.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு களைத்திருந்தேன் என்று தெரிந்தது.

பலகைகளை உடையாமல் துணியில் சுற்றி, யாரும் புழங்காத அறையில் பூட்டி வைத்தோம். அவற்றை ஒப்படைக்க நான் அலுவலகம் அலுவலகமாகப் போன் செய்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவர் நம்பரைக் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் அலைந்தபின், கதிரியக்கப் பொருள்களைக் கையாள அனுமதி பெற்றவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். செயலர் அறைப் பூட்டைத் திறந்துவிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

போன சனிக்கிழமை ஏணியில் ஏறிப் புதிய பேட்டரி விளக்கின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் செயலர்தான்.

“எரியுதா டீச்சர்?”

“எரியுதுங்க.”

அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நானும் பின்னால் போனேன்.