லோர்னா வாவ்ராவின் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு இரவுகள்

லோர்னா வாவ்ரா வருடத்தில் நூறு இரவாவது வெளியூரில்தான் தூங்குவாள். அயோவா, நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா என்று மூன்று மாநிலங்களின் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் இருக்கும் மார்பக எக்ஸ்-ரே இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும் அவற்றின் அளவுகளைச் சரிபார்ப்பதும் அவள் வேலை. சீடர் ராபிட்ஸில் உள்ள எங்கள் கம்பெனியில் அந்த வேலைக்கு நாங்கள் ஐந்து பேர். அவள்தான் மூத்தவள். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை எந்த இன்ஸ்பெக்டரும் இரண்டாம் முறை திருப்பிப் பார்த்ததில்லை.

எங்கள் தொழிலில் எல்லோரிடமும் ஓட்டல் அட்டைகள் இருக்கும். தங்கத் தங்க பாயிண்ட் சேரும். இரவுகள் சேரச் சேர அட்டையின் மதிப்பு வெள்ளி, தங்கம் என்று ஏறும்; அடுத்த வருடம் தங்குவது குறைந்தால் இறங்கிவிடும். லோர்னாவிடம் இரண்டு குழுமங்களின் அட்டைகள் இருந்தன. ஒன்று நீலம், ஒன்று பச்சை. பெயர் சொல்ல மாட்டாள். நீலக்காரன், பச்சைக்காரன் என்பாள். பச்சை, வேறு வழியில்லாத ஊர்களுக்கு. அவள் மனசெல்லாம் நீலத்தில்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. விவாகரத்து ஆன வருடம் நெப்ராஸ்காவில் நார்ஃபோக் என்ற ஊரில் ஒரு நீல ஓட்டலுக்கு இரண்டாம் முறையாகப் போயிருக்கிறாள். வெளியே பனி. பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் வந்ததுல சந்தோஷம், வாவ்ரா மேடம்" என்றாளாம். "அந்த மாசம் முழுக்க என்னைப் பார்த்து சந்தோஷம்னு சொன்ன ஒரே ஆள் அவதான்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். "கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொன்னான்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் நல்லா இருந்துச்சு."

போன நவம்பரில் எங்கள் முதலாளி அவளைச் சிகாகோவுக்கு அனுப்பினார். எக்ஸ்-ரே தொழில்காரர்கள் எல்லோரும் கூடும் பெரிய கண்காட்சி. ஆறு இரவு. மார்ச்சில் அவள் ஓய்வு பெறுவதாக இருந்தாள். அதற்கு முன் ஒருமுறையாவது போய்வரட்டும் என்று அவருக்கு எண்ணம். ஓட்டலை அவளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அதே பேச்சு. எங்களோடு வேலை பார்க்கும் ரஸ் பரம்பரைப் பச்சைக்காரன் போலப் பேசுவான்.

"ஹாலுக்கு எதிர்லயே பச்சைக்காரன் ஓட்டல் இருக்கு. காலைல எந்திரிச்சு வீட்டுச் செருப்போட நடந்து போயிரலாம். முட்டை, வாஃபிள் எல்லாம் ஓசி. நீ என்னடான்னா ஆத்தங்கரைல இருக்கற நீலத்துல போய்ப் படுத்துக்கிட்டு தினம் பஸ் பிடிக்கப் போறேங்கிற."

"உன் பச்சைல எனக்கு என்ன மரியாதை? கடைசிப் படிதான். ஒரு தண்ணி பாட்டில் குடுப்பான்."

"நீலத்துல என்ன குடுப்பான்? ரெண்டு தண்ணி பாட்டில்."

"போடா. ஆயிரம் ராத்திரி ஆச்சுன்னா ஆயுசுக்கும் தங்கம். எனக்கு அஞ்சுதான் பாக்கி. ரிட்டயர் ஆனப்புறம் அந்த அஞ்சை நான் எங்க போய்ப் பொறுக்குவேன்?"

"ரிட்டயர் ஆனப்புறம் தங்கத்தை வச்சு என்ன பண்ணப் போற? அடுப்புக்கு மேல மாட்டி வைக்கப் போறியா?"

நான் சிரித்துவிட்டேன். லோர்னா சிரிக்கவில்லை. மஞ்சள் தாளில் அவள் இரண்டு பத்தி போட்டு வைத்திருந்தாள். பச்சையின் பக்கம் ஏழெட்டு வரி: நடைதூரம், காலை உணவு, வண்டி நிறுத்த இடம், சின்ன அடுப்பு. நீலத்தின் பக்கம் ஒரே வரி: 995. அந்த ஒரு வரிக்காக நீலத்தை முன்பதிவு செய்தாள்.

சிகாகோவில் நடந்ததை அவள் எனக்கு டிசம்பரில் சொன்னாள். நாங்கள் இருவரும் ஒரே வேனில் சூ சிட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாலரை மணி நேரப் பயணம். கேட்காமலே சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஓட்டல் வாசலை அடையும்முன்பே சத்தம் கேட்டிருக்கிறது. பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டுக் குச்சியால் அடிக்கும் சத்தம். அறை சுத்தம் செய்யும் பெண்கள், சமையல்காரர்கள், பெட்டி தூக்குகிறவர்கள் என்று எண்பது பேர் சிவப்புச் சட்டை போட்டு வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஓட்டல்காரன் அவளுக்கு அனுப்பிய நான்கு மின்னஞ்சல்களிலும் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"திரும்பிப் போயிரலாம்னு தோணலையா?" என்றேன்.

"தோணல. உண்மையச் சொல்றேன், எரிச்சல்தான் வந்துச்சு. எங்க அம்மா ஓட்ஸ் மில்லுல மூட்டை தைக்கிற இடத்துல வேலை பார்த்தா. எனக்குப் பதினொரு வயசு இருக்கும்போது அங்க ஸ்டிரைக். அஞ்சாவது வாரம் அம்மா மறியலைத் தாண்டி வேலைக்கு உள்ள போயிட்டா. நாங்க நாலு புள்ளைங்க, அப்பா கிடையாது. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எங்க தெருவுல ஒருத்தரும் எங்களோட பேசல. சர்ச்சுல எங்க பெஞ்சுல யாரும் உட்கார மாட்டாங்க. கொடி பிடிச்சு நிக்கிறவங்க எல்லாம் நல்லவங்கன்னு என்கிட்ட யாரும் சொல்ல முடியாது."

ஆகவே தலையைக் குனிந்துகொண்டு வட்டத்தின் குறுக்கே பெட்டியை இழுத்திருக்கிறாள். ஒரு பெண்குரல் பின்னாலிருந்து, "உங்க படுக்கைய நீங்களே விரிச்சுக்கணும் மேடம், பரவாயில்லையா?" என்றது. சிலர் சிரித்தார்கள்.

கவுண்டரில் கோட்டு போட்ட மேனேஜரே நின்றார். அவள் பெயரை அழகாகச் சொல்லி வரவேற்றார். இருபத்திரண்டாவது மாடியில், ஆறு வளைவது தெரியும் மூலை அறை. தங்க அட்டைக்காரர் என்பதால் கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் குப்பைக்கூடையில் முன்பு தங்கியவரின் காப்பிக் கோப்பை கிடந்தது. துண்டு கேட்டு அரை மணி நேரம் கழித்து, வேர்த்துப்போய் ஒரு கணக்குப் பிரிவு ஆள் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்திரண்டு மாடி ஏறியும் வாளிச் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை படுக்கை விரிப்பைத் தானே சரியாக விரிக்கலாம் என்று மெத்தையின் மூலையைத் தூக்கினாள். முழங்கை வரை சுருக்கென்று இழுத்தது. எக்ஸ்-ரே இயந்திரத்தின் அடித்தட்டைத் தனியாகக் கழற்றுகிறவள் அவள். ஒரு மெத்தை இவ்வளவு கனக்கும் என்று தெரியாது என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கண்காட்சி பஸ் அவளை எதிர்ச்சாரியில் இறக்கிவிட்டது. நடைபாதை ஓரத்தில் ஒரு பெண் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து சோள மாவும் சாக்லேட்டும் கரைத்த சூடான கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் இமெல்டா என்று பெயர் எழுதியிருந்தது. அவள் பேசியதும், சனிக்கிழமை பின்னாலிருந்து கேலி செய்தவள் இவள்தான் என்று குரலை வைத்து லோர்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

"படுக்கை எப்படி இருக்கு மேடம்?"

"மோசமா இருக்கு," என்றாள் லோர்னா. "மூலைய மடிக்கவே வரல."

"எந்த மாடி?"

"இருபத்திரண்டு. மூலை ரூம்."

"அட, அது என் மாடிங்க! ஜன்னல் பக்கத்துக் கட்டில்தானே? அதைக் கையால தூக்கக் கூடாது. முட்டிய உள்ள கொடுத்து நெம்பணும். எனக்கே அதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள இந்தத் தோள்பட்டை போயிருச்சு."

லோர்னா நகரவில்லை. எதற்காக நிற்கிறீர்கள், சம்பளத்துக்கா என்று கேட்டாள்.

"சம்பளமும்தான். ஆனா பெரிய சண்டை அதுக்கில்ல. முன்னாடி எல்லா ரூமும் தினம் சுத்தம் பண்ணுவோம். மாடிக்கு ரெண்டு பேரு. இப்போ ரூமுக்கு ஆள் வேணாம்னு சொன்னா விருந்தாளிக்கு பாயிண்ட் குடுக்கிறாங்க. எல்லாரும் வேணாம்னுட்டாங்க. அதனால எங்கள்ல பாதிப் பேருக்கு வேலை இல்ல. மிச்சப் பேருக்கு அஞ்சு நாள் அழுக்கு ஒரே நாள்ல. ஒரு ரூமுக்கு அதே அரைமணிதான்."

லோர்னாவுக்குக் காது சூடாகிவிட்டதாம். பதினோரு வருடமாக, தங்கிய ஒவ்வொரு ஓட்டலிலும், அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் போட்டு வந்தவள் அவள். நாளுக்கு ஐநூறு பாயிண்ட்.

"பாவம், ஒரு ரூம் குறையட்டுமே, அந்தப் பொண்ணுங்க கொஞ்சம் உட்காரட்டுமேன்னு நினைச்சுத்தான் போட்டேன்," என்றாள் என்னிடம். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இல்ல. பாதி அதுக்கு. பாதி பாயிண்டுக்கு."

இமெல்டாவிடமும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறாள். இமெல்டா திட்டவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க, குடுத்தாங்க வாங்கிக்கிட்டீங்க," என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க் மூடியில் மீதிக் கஞ்சியை ஊற்றி நீட்டினாள். "குடிங்க, ஆறிப்போயிரும்." திட்டியிருந்தால் நேராக லிஃப்டில் ஏறிப் போய்ப் படுத்திருப்பேன் என்றாள் லோர்னா.

பெட்டியைக் கட்ட அவளுக்கு ஆறு நிமிடம் போதும். கவுண்டருக்கு வந்து அறையைக் காலி செய்வதாகச் சொன்னாள். மேனேஜர் திரையைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பத்துப் பதினோரு நாளாகத் தூங்காத முகம்.

"மேடம், இன்னும் மூணு ராத்திரி இருந்தா உங்களுக்கு ஆயிரம் முடியுதே. தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ செக்-அவுட் பண்ணாதீங்க. சாவிய வச்சுக்கிட்டு கிளம்புங்க. எங்க வேணா போய்த் தூங்குங்க. வெள்ளிக்கிழமை நானே முடிச்சு விட்டுர்றேன். ஆறு ராத்திரியும் உங்க கணக்குல ஏறிரும்."

பணம் எப்படியும் போகத்தான் போகிறது. பாதியில் காலி செய்தால் மிச்ச நாட்களுக்கும் பிடித்துக்கொள்வார்கள். சாவி அட்டை கையில் இருந்தது. வெளியே வாளிச் சத்தம். ரொம்ப நேரம் நின்றேன் என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பின்னால் ஒரு குடும்பம் வரிசையில் வந்து நின்று, பொறுக்க முடியாமல் அடுத்த கவுண்டருக்குப் போகும் அளவுக்கு நேரம்.

பிறகு சாவியை மேசைமேல் வைத்தாள்.

"நான் இங்க தூங்கினேன்னு நீங்க எழுதுவீங்க. நான் தூங்கியிருக்க மாட்டேன். அளக்காத அளவுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்ல சார்."

கண்காட்சி வாரம் என்பதால் ஊரில் எங்கும் இடம் இல்லை. ரஸ் புகழ்ந்த பச்சை ஓட்டல் எப்போதோ நிரம்பிவிட்டது. கடைசியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை ஓட்டலில் அறை கிடைத்தது. கண்காட்சிக்கு இரண்டு ரயில் மாறி ஒன்றரை மணி நேரம். கவுண்டர் பையன் அவள் பெயரை வார்வா என்று அடித்தான், அவள் திருத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே குப்பைத் தொட்டி. கட்டிலில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, முதியோர் இல்லத்தில் இருக்கிறார், காது மட்டும் கூர்மை. நடந்ததை அம்மா முழுக்கக் கேட்டார்.

"அப்போ நான் அன்னிக்கு உள்ள போனது தப்புங்கிறியா?"

"இல்லம்மா. உனக்கு நாலு புள்ளைங்க இருந்துச்சு. எனக்கு ஒரு அட்டைதானே இருந்துச்சு."

"நான் உள்ள போன ஏழாம் நாள் ஸ்டிரைக் முடிஞ்சிருச்சு, தெரியுமா உனக்கு?" என்றாராம் அம்மா. "இன்னும் ஏழே நாள். அது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த ஏழு நாளும் ஓட்ஸைக் கரைச்சுக் குடிச்சே ஓட்டியிருப்பேன். எனக்கு யாரும் சொல்லலையே."

ஐம்பது வருடத்தில் அம்மா இதைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அன்று ஒரு மணி நேரம் பேசினார்களாம். பேசாமல் விட்ட அண்டை வீட்டுக்காரர்களின் பெயர்கள் அத்தனையும் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தன. யார் யார் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள் என்பதும்.

நாங்கள் சூ சிட்டி போய்ச் சேர்ந்தபோது அவள் சொல்லி முடித்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்வாரம் சிகாகோ வேலைநிறுத்தம் முடிந்தது. அறைகளைத் தினமும் சுத்தம் செய்ய ஓட்டல்காரன் ஒப்புக்கொண்டான் என்றும், சம்பளத்தில் கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்றும் செய்தித்தாளில் படித்தோம்.

ரஸ், "உன் நம்பரைக் குடு, நான் போய் மூணு ராத்திரி படுத்துட்டு வர்றேன். நீலக்காரன் படுக்கைல எனக்குத் தூக்கம் வராது, உனக்காகப் பொறுத்துக்கறேன்" என்று கெஞ்சிப் பார்த்தான். அவளுக்காக அவன் பச்சையை விட்டுக்கொடுக்க முன்வந்தது அதுதான் முதல் முறை. அவள் அவன் முதுகில் தட்டினாள், நம்பரைக் கொடுக்கவில்லை. வருத்தம் இல்லையா என்று நான் கேட்டேன். "இருக்கு," என்றாள். "இல்லாம என்ன? பதினோரு வருஷம்."

மார்ச்சில் ஓய்வு பெற்றாள். முதல் இரண்டு வாரம் சொந்த வீட்டில் தூக்கம் வரவில்லையாம். நடைவழியில் ஐஸ் இயந்திரத்தின் உறுமல் இல்லாமல் வீடு காதை அடைக்கிறது என்று போனில் சொன்னாள். ஏப்ரலில் நான் போனபோது கூடத்துச் சோபாவை நகர்த்திவிட்டு, அம்மாவுக்காக ஒரு கட்டில் போட்டிருந்தாள். வார இறுதிகளில் அம்மாவை அழைத்து வருகிறாள். நான் போன அன்று கிழவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "காப்பி ஆறிப்போச்சு லோர்னா, இதுதான் உன் உபசாரமா?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். லோர்னா அடுக்களையிலிருந்து, "வர்றேன், வர்றேன், ஒரு நிமிஷம் பொறு" என்று கத்தினாள்.