பனியன் தினம்

எங்கள் குடும்பத்தில் சட்டம் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அம்மா டெய்லராக இருந்த பனியன் கம்பெனியில் அவர் ஆபீஸ் வேலை பார்த்தார். வருடக் கடைசியில் அடுத்த வருடத்து லீவுப் பட்டியலைத் தயாரித்து, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, ஒரு காப்பியைத் தொழிலாளர் ஆய்வாளர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது அவர் பொறுப்பு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கும் கட்டாயம். பண்டிகைக்கு ஐந்து நாள். அந்த ஐந்து எவை என்றுதான் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒருவர் தைப்பூசம் என்பார், ஒருவர் கிறிஸ்துமஸ் என்பார், பீகார்க்காரர்கள் ஹோலி என்பார்கள். அம்மா மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் கம்பெனிக்குப் போய் மாமாவின் மேஜையோரம் வீட்டுப்பாடம் எழுதுவேன். மாமா கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். பார்க்கிற எனக்குப் பொறுக்காது. அந்த வருடம் பட்டியலை நானே அடித்துத் தருகிறேன் என்று கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டேன். பள்ளியில் அப்போதுதான் கைகழுவும் தினம் கொண்டாடியிருந்தோம். அதற்கு லீவு உண்டா என்று கேட்டேன்.

"ஊர்ல ஆயிரம் தினம் இருக்குது கண்ணு. சிட்டுக்குருவிக்குக்கூட ஒண்ணு இருக்குது. இந்தப் பேப்பர்ல ஏறுனாத்தான் லீவு" என்று சொல்லிவிட்டு மாமா டீ குடிக்கப் போனார்.

எனக்கு ஒரு குறை இருந்தது. மூன்று வருடமாக ஆண்டு விழாவில் ஆடுகிறேன்; அம்மா ஒரு தடவைகூட வந்ததில்லை. விழா சாயங்காலம் ஐந்து மணிக்கு, கம்பெனி விடுவதோ எட்டரைக்கு. ஸ்கூல் டைரியில் தேதியைப் பார்த்து, ஒன்பது வரிக்குக் கீழே பத்தாவதாகப் பனியன் தினம் என்று ஏற்றிவிட்டேன். மாமா படித்துப் பார்க்கவில்லை. முதலாளி என்றைக்குப் படித்தார்?

போர்டில் ஒட்டிய அன்று டீ நேரத்தில் ஒரே சிரிப்பு. முதலாளி மாமாவைக் கூப்பிட்டார். மாமா என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"ஏங்கண்ணு, பனியன் தினம்னா என்ன?" என்றார் முதலாளி.

"அன்னைக்குப் பனியன் தெக்கறவங்க தெக்க மாட்டாங்க. எங்கம்மா நான் ஆடற டான்ஸைப் பாக்க வருவாங்க."

முதலாளி மாமாவின் பக்கம் திரும்பினார். "இதைக் கிழிச்சுட்டு வேற ஒட்டீரலாமா?"

"ஒரு காப்பி ஆய்வாளர் ஆபீசுக்குப் போயிருச்சுங்க. உங்க கையெழுத்துங்க. அன்னைக்கு வேலை வெச்சா ரெட்டைச் சம்பளம், இல்லாட்டி மாத்து லீவு குடுக்கோணுங்க." மாமா கையைக் கட்டிக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சட்டத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

முதலாளி காகிதத்தின் அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். "இருந்துட்டுப் போவுது விடு. படிக்காம கையெழுத்துப் போட்டது நாந்தான" என்றார்.

ஆண்டு விழாவுக்கு அம்மா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். நான் மேடையேறிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறாள்! ஸ்பீக்கர் அலறுகிறது, தலை பக்கத்துச் சீட்டுக்காரியின் தோளில் கிடக்கிறது. ஆத்திரத்தில் எனக்கு இரண்டு ஸ்டெப் தப்பிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என்னவோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் பாடி அதுவரை நான் கேட்டதில்லை. இருந்தாலும் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த வருடக் கடைசியில் மறுபடி லீவுக் கூட்டம். அம்மா முதல் தடவையாக எழுந்து நின்றாளாம், மாமா வந்து சொன்னார். "வேற எதை வேணும்னாலும் எடுத்துருங்க. அந்தப் பனியன் தினம் மட்டும் இருக்கட்டுங்க" என்றாளாம். எல்லோரும் கை தட்டினார்களாம். பட்டியலில் அந்தப் பத்தாவது வரி அப்படியே நின்றது.

மனதில் மிச்சமிருந்த கோபமும் பறந்துவிட்டது. அம்மாவுக்கு என் ஆட்டம் அத்தனை பிடித்திருக்கிறது! அன்று சாயங்காலமே அடுத்த பாட்டுக்குப் பழக ஆரம்பித்துவிட்டேன்.