பள்ளிக்கூட வாசலில் ஒரு பேனர்

எட்டாம் வகுப்பு உயிரியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் வரும். எங்கள் தாம்பரம் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. "இதை வீட்டிலேயே படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆசிரியர்கள் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அது ஆகாது. பையன்கள், பெண்கள் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தே நடத்துவேன். "மீசை முளைக்கிற மாதிரிதான் மாதவிடாயும். வெட்கப்பட ஒன்றுமில்லை" என்பேன். சிரிக்கிறவனை எழுப்பி அடுத்த பத்தியை வாசிக்கச் சொன்னால் சிரிப்பு தானாக அடங்கிவிடும்.

இந்த வருடம் அந்தப் பாடம் முடிந்த சில நாளில் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி வயதுக்கு வந்தாள். கேள்வி கேட்டே என்னைக் கொல்கிறவள். அவள் அம்மா முடிச்சூரிலிருந்து தட்டில் பழமும் பத்திரிகையுமாக வந்தார். சடங்குக்கு அழைத்த கையோடு அழவும் ஆரம்பித்துவிட்டார்.

"எங்க அண்ணன் ஸ்கூல் கேட்டுக்கு எதிர்லயே பேனர் வெச்சிட்டாரு மிஸ். இவ இன்னான்னா, பசங்கல்லாம் பாத்துட்டாங்க, இனிமே ஸ்கூலுக்கே போவ மாட்டேன், டி.சி. வாங்கிடுன்னு ஒரே அடம்."

காலையில் நானும் அதைப் பார்த்திருந்தேன். கிரீடம் வைத்து அவள், பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட மாமா.

"கழட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"தாய்மாமன் மிஸ். கோச்சிக்கினு பூட்டாருன்னா சீர் யாரு செய்வா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனேன், சாப்பிட அல்ல, சண்டைக்கு. மாமா வாசலிலேயே கும்பிட்டார். பேனர் என்று நான் வாயைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்க சொன்னதுதான் மிஸ்! வெக்கப்பட ஒண்ணியும் இல்லன்னு கிளாஸ்ல சொன்னீங்களாமே? பாப்பா வூட்ல வந்து சொல்லிச்சு. அதான் பெருசா வெச்சேன்."

அடக் கடவுளே! நான் சொன்னது அதற்கில்லை என்று ஆரம்பித்தேன். அவரோ விடவில்லை. மேடைக்குக் கூட்டிப் போய், பட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்தவளையே சாட்சிக்கு இழுத்தார். "இன்னா பாப்பா, மிஸ் அப்டித்தானே சொன்னாங்க?"

"வெக்கமெல்லாம் இல்ல மாமா" என்றாள் அவள். "ஆனா அத யார்கிட்ட சொல்லணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

மாமா கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப கழட்டிடட்டா கண்ணு?"

அத்தனை நாளில் அவளிடம் யாராவது சம்மதம் கேட்டது அப்போதுதான்.

"இப்பவே கழட்டிடுங்க மாமா. நாளைக்கு எனக்கு ஸ்கூல் இருக்கு."